நான் அழித்த ஆறு கடிதங்கள்

ஈராண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசி மாதத்தில், தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்கு எதிரே கடற்கரைச் சாலையில் உள்ள தோணி அலுவலகம் ஒன்றில் இது நடந்தது. அங்கே கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் பணி என்னுடையது. இன்றும் அதே நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறேன். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள் என்பதால், தோணி முதலாளி முதல் மூட்டை சுமப்பவர் வரை எல்லாரும் என்னை ‘டீச்சர்’ என்றே அழைப்பார்கள். நடந்ததை முழுமையாக ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். இது இரண்டாவது முறை.

எங்கள் முதலாளிக்கு மூன்று தோணிகள். வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், சிமெண்டு என்று ஏற்றிக்கொண்டு தென்மேற்கே உள்ள தீவுகளுக்குப் போய்வரும். வைகாசி முடிவிலிருந்து ஆவணி வரை கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் தோணிகள் துறையில் கட்டிக் கிடக்கும். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். புரட்டாசி பிறந்ததும் முதல் நடை புறப்படும். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பிழைக்கு இதுவே இடங்கொடுத்தது.

அந்த ஆண்டு ஆனி மாதத்தில் எங்கள் மின்னஞ்சல் முகவரிக்குக் குப்பை வந்து கொட்டத் தொடங்கியது. வராத சரக்குக்குச் சீட்டு, கேளாத கடனுக்கு ஒப்புதல், யாரோ ஒரு நாட்டு விதவை விட்டுச்சென்ற செல்வம் என்று ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வந்தன. எல்லாம் பிழை மலிந்த ஆங்கிலம். ஒருநாள் முதலாளி அவற்றுள் ஒன்றில் இருந்த இணைப்பைத் திறந்துவிட்டார். அலுவலகக் கணினி இரண்டு நாள் முடங்கியது. சுங்கத் துறைக்கு அனுப்பவேண்டிய தாள்கள் அதற்குள் மாட்டிக்கொண்டன. எனக்கு அவமானமாக இருந்தது. என் பொறுப்பில் உள்ள ஒன்று அழுக்காக இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

சாயர்புரத்திலிருந்து கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. எதையும் நேரடியாகச் சொல்லும் மனிதர். குப்பை அனுப்பும் கணினிகளின் எண்களைத் தொகுத்து வைத்திருக்கும் தடைப்பட்டியல்கள் உலகில் உண்டு என்றும், வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி எங்கள் அஞ்சலை அமைக்கலாம் என்றும் அவர் விளக்கினார். அகப்பட்ட கடிதத்தை மூன்று வகையாக நடத்தலாம். தனிப்பெட்டியில் ஒதுக்கி வைக்கலாம். ஏற்க மறுத்துவிடலாம், அப்போது அனுப்பியவருக்கு ‘சேரவில்லை’ என்ற செய்தி போய்விடும். அல்லது ஓசையின்றி அழித்துவிடலாம். அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது.

அழித்துவிடலாமே என்றேன். அவர் சிரித்தார்.

“டீச்சர், வாசல்ல வாட்ச்மேனத்தான் நிறுத்துதோம். வாரவனையெல்லாம் கடல்ல தள்ளுன்னா சொல்லுதோம்? இந்த லிஸ்ட்டு, அனுப்புனவன் கெட்டவன்னு சொல்லல. அந்தத் தெருவுலேருந்து குப்பை வருதுன்னுதான் சொல்லுது. அதே தெருவுல நல்லவனும் குடியிருப்பான்லா?”

ஓர் அஞ்சல் நிலையத்தை, அதாவது மின்னஞ்சல்களை அனுப்பித்தரும் ஒரே கணினியை, ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்வார்கள், அவருள் ஒருவன் குப்பை அனுப்பினால் ஆயிரவர் பெயரும் கெடும் என்றார். ஆகவே தனிப்பெட்டியில் ஒதுக்கும்படியே அமைத்துத் தந்தார். நாள்தோறும் அந்தப் பெட்டியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், ஓராண்டு முழுவதும் பார்த்த பிறகே வேறு முடிவு செய்யுங்கள் என்றார். எங்களுக்கு வழக்கமாகக் கடிதம் எழுதுவோரின் முகவரிகளைத் தந்தால் பட்டியல் எது சொன்னாலும் அவர்களை உள்ளே விடும்படி செய்துவிடுவதாகவும் சொன்னார்.

நான் அன்றே முகவரிகளை எழுதிக் கொடுத்தேன். வங்கி, சுங்கத் தரகர், துறைமுக அலுவலகம், வெங்காய மண்டி. அண்மையில் வந்த கடிதங்களைப் பார்த்தே அந்த வரிசையைத் தொகுத்தேன். ஆனி மாதத்தில் தீவுகளிலிருந்து கடிதம் வருவதில்லை. தோணி போனால்தானே வரும்? அங்கே எங்கள் தோணிகளைக் கவனித்துக்கொள்ளும் தீவு முகவர் ஒருவர்கூட என் வரிசையில் இல்லை. அது அப்போது என் கண்ணில் படவில்லை.

இரண்டு வாரம் அந்தத் தனிப்பெட்டியைப் புரட்டினேன். குப்பையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆடி முழுவதும் பார்த்தேன். தவறி ஒதுக்கப்பட்ட கடிதம் ஒன்றுகூட இல்லை. பட்டியல் பழுதற்றது என்று முடிவு கட்டினேன். காலையில் வந்ததும் அந்த அருவருப்பான தலைப்புகளைப் படிப்பது எனக்குத் தண்டனையாக இருந்தது. ஆடி கடைசியில் ஒருநாள், யாரையும் கேளாமல், அமைப்பைத் திறந்து ‘ஒதுக்கு’ என்பதை ‘அழி’ என்று மாற்றினேன். மறுநாள் பெட்டி பளிங்குபோல இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர் மெயிலுக்கும் செவப்பு மை போட்டுட்டாங்கடே” என்று வேலையாட்களிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

புரட்டாசி பிறந்தது. முதல் தோணி புறப்பட்டது. அதில் போன ஆட்களுள் ஒருவர் திரேஸ்புரத்துக்காரர், நாற்பத்திரண்டு வயது, அதிகம் பேசாதவர். அலுவலகத்துக்கு வந்தால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பள்ளிப் பிள்ளையைப்போல் என் மேசைக்கு முன் நிற்பார்.

திங்கட்கிழமை நண்பகலில் அந்தத் தோணியை நடத்தும் தண்டல் என் கைப்பேசிக்கு அழைத்தார். இரைச்சலுக்கு நடுவே அவர் சொன்னது இதுதான்.

“டீச்சர், நம்ம திரேஸ்புரத்துக்காரன் வயித்த வலின்னு நேத்துலேருந்து உருளுதான். இங்கன ஒரு சின்னத் தீவுல ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. இங்க உள்ள ஏஜெண்டு மெயில் போடுவான். பாத்து ஒடனே பதில் போட்டுருங்க. நாங்க சரக்க இறக்க அடுத்தடுத்த தீவுக்குப் போவணும். இனி போன் எடுக்காது.”

சரி என்றேன். மாலை வரை பெட்டியைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை, நோய்ச் செய்தியைக் கேள்விப்பட்டு, திரேஸ்புரத்துக்காரரின் மனைவி வந்தார். உப்புப் பொட்டலம் போடும் ஆலையில் வேலை. ஒன்பது மணிக்கு முன் உள்ளே போகாவிட்டால் அன்றைய வேலை இல்லை. ஆகவே எட்டரைக்கே எங்கள் வாசலில் நின்றார். கணவர் கைப்பேசி அணைந்து கிடக்கிறது என்றார். ஏதாவது சேதி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கடிதம் வந்தால் நானே அழைப்பேன் என்றும், வராததே நல்லதற்குத்தான், பெரிதாக ஒன்றும் இருந்தால் உடனே எழுதியிருப்பார்கள் என்றும் சொன்னேன். அவர் என் சொல்லை நம்பிப் போனார். படித்தவள் சொல்கிறாள் அல்லவா?

புதன்கிழமையும் வந்தார். அன்று நான் அந்தத் தீவு நாட்டின் தலைநகரில் உள்ள எங்கள் பழைய முகவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நோயாளியின் நலத்தை விசாரித்து, மருத்துவர் கருத்தைக் கேட்டு, முறையாக, ஒரு பிழையும் இன்றி எழுதினேன். விடை வரவில்லை. ஒரு கடிதத்துக்கு விடை எழுதும் நாகரிகம்கூட இல்லையே என்று எரிச்சல் வந்தது. அவருடைய தொலைபேசி எண் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. எடுத்து அழைத்திருக்கலாம். எழுதிக் கேட்டாயிற்று, எழுதி விடை வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அந்தப் பெண் என் மேசைக்கு மிக அருகில் வந்து நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஒரு தடவ நல்லாப் பாருங்களேன். எங்கயாச்சும் அடியில கிடக்கப் போவுது.”

எனக்குச் சினம் வந்தது. என் வேலையில் ஐயப்படுகிறாரே என்ற சினம். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். பெட்டியை மேலிருந்து கீழ்வரை உருட்டிக் காட்டினேன். வங்கி, மண்டி, சுங்கம், துறைமுகம். பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றும் இல்லை, என்னிடம் ஒரு கடிதமும் தப்பாது என்றேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆயினும் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மணி ஆகிவிட்டது என்று சொல்லிப் போனார்.

அவருடைய கணவர் அன்று விடியற்காலையிலேயே இறந்துவிட்டார்.

அது எங்களுக்குச் சனிக்கிழமை தெரிந்தது. தோணி தலைநகரத் துறைக்கு வந்து சேர்ந்ததும் தண்டல் முகவரைப் பார்க்கப் போயிருக்கிறார். அங்கிருந்து முதலாளியின் கைப்பேசிக்கு அழைத்தார். முதலாளி ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“அண்ணாச்சி, அவன நேத்தே மண்ணுக்குள்ள வச்சுட்டாங்களாம். ஆறு மெயில் போட்டாங்களாம். நாம ஒண்ணுக்கும் பதில் போடலியாமே. ஏன் அண்ணாச்சி?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அந்த வெறுமையைக் கண்டபோதுதான், ஆடி மாதத்தில் நான் மாற்றிய ஒற்றைச் சொல் நினைவுக்கு வந்தது.

சாயர்புரத்துக்காரர் ஒரு மணி நேரத்தில் வந்தார். அழிந்த கடிதங்களை மீட்க முடியாது. ஆனால் எது எப்போது வந்து அழிந்தது என்று அஞ்சல் அமைப்பு ஒரு குறிப்பேடு வைத்திருக்கும். அதைத் திறந்து தந்துவிட்டு அவர் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எப்போது ‘அழி’ என்று மாற்றினீர்கள் என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

தீவு முகவரும் தலைநகர முகவரும் ஒரே அஞ்சல் நிலையத்தைப் பயன்படுத்துகிறவர்கள். அதே நிலையத்திலிருந்து வேறு யாரோ குப்பை அனுப்ப, அதன் எண் தடைப்பட்டியலில் ஏறியிருந்தது. குறிப்பேட்டில் ஆறு தலைப்புகள் இருந்தன. ஆங்கிலத்தில் இருந்தவற்றைத் தமிழில் தருகிறேன்.

திங்கள் மாலை: நோயாளியைத் தலைநகருக்கு மாற்ற ஒப்புதல் வேண்டும், மிக அவசரம். செவ்வாய் காலை: ஒப்புதலை எதிர்நோக்குகிறோம். செவ்வாய் இரவு: படகு காத்திருக்கிறது, தயவுசெய்து விடை தருக. புதன் பிற்பகல்: தங்கள் நலம் விசாரிப்புக்கு விடை. வியாழன் விடியல்: வருத்தத்தோடு அறிவிக்கிறோம். வியாழன் நண்பகல்: உடலைப் பற்றிக் குடும்பத்தாரின் விருப்பத்தை மாலைக்குள் தெரிவிக்க.

நான்காவது, என் பிழையற்ற கடிதத்துக்கு வந்த விடை. அதையும் நானே அழித்திருந்தேன்.

தலைநகர முகவர் அந்த ஆறையும் பிறகு முதலாளியின் சொந்த முகவரிக்குத் திரும்ப அனுப்பினார். படித்தேன். எழுத்துப் பிழைகள், அறுந்த வாக்கியங்கள், எல்லாச் சொல்லும் பெரிய எழுத்து. குப்பைக் கடிதங்கள் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தன. குடல்வால் வெடித்துவிட்டது, இந்தத் தீவில் அறுவை மருத்துவர் இல்லை, ஒரு நாளுக்குள் தலைநகர் போனால் பிழைக்க வாய்ப்புண்டு, தோணி முதலாளியின் ஒப்புதல் இல்லாமல் அயல்நாட்டாரை மாற்ற இங்கே விதி இல்லை என்று முதல் கடிதம் சொன்னது. எங்கள் எண்ணுக்கு மூன்று முறை அழைத்துப் பார்த்ததாக இரண்டாவது சொன்னது. கடிதத்தாளில் அச்சிட்டிருந்த அந்தத் தொலைபேசி இணைப்பை நாங்கள் எப்போதோ துண்டித்துவிட்டோம். தாளைத் திருத்தி அச்சிடும் வேலையும் என்னுடையதே. சிறிய தீவு, வெயில் கடுமை, உடலை வைத்திருக்கக் குளிர் அறை இல்லை, விடை வராவிட்டால் இங்கேயே அடக்கம் செய்வோம் என்று கடைசிக் கடிதம் சொன்னது.

அறுவை நடந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே இப்போது எனக்கு எஞ்சியிருக்கிற தண்டனை.

இறப்புச் செய்தியைப் பங்குச் சாமியாரும் முதலாளியும் போய்ச் சொன்னார்கள். கணினிக் கோளாறால் கடிதம் கிடைக்கவில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார், என்னைக் காப்பதற்காகத்தான். உடலையாவது பார்க்கவேண்டும் என்று அந்தப் பெண் கேட்டார். வேறெதையும் அவர் கேட்கவில்லை. தோண்டி எடுத்துக் கொண்டுவர முதலாளி எத்தனையோ பேரைப் பார்த்தார். தூதரகம் வரை விண்ணப்பம் போயிற்று. அங்குள்ள விதி இடந்தரவில்லை. கோவிலில் ஒரு மேசைமேல் அவருடைய படத்தை வைத்துப் பூசை செய்தார்கள். தண்டல் திரும்பியபோது ஒரு பையைக் கொண்டுவந்தார். இரண்டு கைலி, ஒரு செபமாலை, அணைந்துபோன கைப்பேசி.

பத்து நாள் கழித்து நான் திரேஸ்புரத்துக்குப் போனேன். கோளாறு என்று முதலாளி சொன்னது உண்மை அன்று என்று தொடங்கினேன். கடிதங்கள் வந்தன, அழிக்கும்படி அமைத்தவள் நான், ஒதுக்கி வைக்கும்படி சொன்ன அறிவுரையை மீறியவளும் நான் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர்தான் வாசலில் நின்றபடி, “படிச்ச மவராசிய செய்ற காரியத்தப் பாரு” என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கடைசியில் அவர் கேட்டார்.

“நான் தெனமும் வந்து நின்னேன்லா டீச்சர். ஒரு நாளாச்சும் தேடிப் பாத்தியளா?”

கேட்டது ஒரு குற்றச்சாட்டைப்போல ஒலிக்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அத்தனை நாளும் தாம் வந்து நின்றதில் ஏதாவது பயன் இருந்ததா என்று அறிய விரும்பினார். இல்லை என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்று இன்றுவரை தோன்றுகிறது.

நவம்பர் இரண்டாம் நாள் கடற்கரைக் கத்தோலிக்கருக்குக் கல்லறைத் திருநாள். ஒரு வாரம் முன்பே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, அன்று மாலை பூவைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நான் வேறு சபையைச் சேர்ந்தவள்; ஆயினும் அந்த ஆண்டு போனேன். கல்லறைத் தோட்டம் முழுவதும் ஒளியாக இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு பொதுச் சிலுவை உண்டு. கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு அதன் அடியில்தான் விளக்கேற்றுவார்கள். அந்தப் பெண் அங்கே நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய மகள். மெழுகுவர்த்தியைக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. மகள் திரும்பத் திரும்பப் பற்றவைத்தாள்.

கடல் கொண்டுபோகாத ஒருவருக்காக அவர்கள் அங்கே நின்றார்கள். அவரை வைத்த இடம் எது என்று தீவு முகவர் எழுதியிருந்தார். மருத்துவமனைக்குப் பின்னால், கடலோர மணல் மேட்டில், எண் எழுதிய ஒரு பலகைக்குக் கீழே. இடம் தெரியும். போய்ச் சேரத்தான் முடியாது. நான் அருகில் போகவில்லை.

இப்போது எங்கள் அஞ்சல் அமைப்பில் எந்தக் கடிதமும் அழிவதில்லை. பட்டியல் காட்டிக்கொடுப்பவை எல்லாம் தனிப்பெட்டிக்குப் போகின்றன. தீவு முகவர்கள் எல்லாருடைய முகவரிகளும் உள்ளே விடவேண்டியோர் வரிசையில் இருக்கின்றன. முதல் நடைக்கு முன் அந்த வரிசையைப் புதுப்பிக்கிறேன். கடிதத்தாளில் என் கைப்பேசி எண் அச்சாகியிருக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை அந்தச் சாயர்புரத்துக்காரர் முதல் நாளே சொன்னவை. செய்வதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நாள்தோறும் காலை எட்டரைக்கு, வேறு எந்த வேலைக்கும் முன், அந்தக் குப்பைப் பெட்டியைத் திறந்து, போலிச் சீட்டுகளையும் பொய் விதவைகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். பிழை மலிந்த ஒவ்வொரு வரியிலும் யாரேனும் ஒருவர் என் விடைக்காகக் காத்திருக்கக்கூடும் என்று அஞ்சியே படிக்கிறேன், ஆயினும் நான் விடை எழுதியிருக்கவேண்டிய அந்த ஆறு கடிதங்களுக்கு இனி எத்தனை காலைகள் படித்தாலும் விடை எழுத முடியாது.